கணினியில் படம் வரையும் பிள்ளைகளும் நம் அறிவிப்புப் பலகையும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் குடியரசு தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொடியேற்றி, மிட்டாயும் கொடுத்து முடித்த பிறகு பேச வருகிறவனின் நிலைமை எனக்குத் தெரியும். தலைவர் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கியில் வேலை பார்த்தவன், கணக்குத் தவறாமல் முடித்துவிடுகிறேன்.

ஓவியத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று சிலர் யோசிக்கலாம். நியாயமான கேள்வி. நான் படித்தது பி.காம்., பார்த்தது எழுத்தர் வேலை. பேரேட்டில் கோடு போட்டதைத் தவிர வேறு கோடு போட்டதில்லை. ஆனால் போன ஆயுத பூஜையிலிருந்து சனி, ஞாயிறு மாலைகளில் நம் சங்க அறையில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் கணினியில் படம் வரையக் கற்றுக்கொள்கிறார்கள். அதற்குப் பொறுப்பு நான்தான். அது எப்படி ஆரம்பித்தது, என்ன நடக்கிறது, ஏன் தொடர வேண்டும் என்று உங்களிடம் சொல்ல வேண்டியது என் கடமை.

ஆரம்பம் என்னுடைய தப்புதான். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் நாளை அறிவித்து லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் காலை எட்டரை மணிக்குத் தலையில் ஷாம்பு நுரையோடு பாதிப் பேர் பால்கனியில் நின்று சத்தம் போட்டீர்கள். "நோட்டீஸ் ஒட்டினோமே, படிக்க மாட்டீர்களா?" என்று நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன். அப்போது இரண்டாம் மாடியில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பெண் என்னிடம் வந்து, "தாத்தா, தேதி பதினோராவது வரியில இருக்கு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். பதினான்கு வரி. எல்லாம் ஒரே அளவு எழுத்து. "மேற்காண் பொருள் தொடர்பாக" என்று தொடங்கியிருந்தேன். வங்கிப் பழக்கம். தண்ணீர் வராது என்ற செய்தி எங்கோ அடியில் ஒளிந்திருந்தது. அடுத்த மாதம் மோட்டார் பழுது பார்க்கும்போது அந்தப் பெண்ணையே எழுதச் சொன்னேன். மேலே பெரிதாக "நாளை தண்ணீர் வராது". அதன் கீழே "காலை 8 முதல் மதியம் 1 வரை". பக்கத்தில் ஒரு குழாய், அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அவ்வளவுதான். அன்றைக்கு ஒருவரும் நுரையோடு வெளியே வரவில்லை.

இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். பாடப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். நம் சமச்சீர்ப் பாடத்தில் 2019-இல் வந்த ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், இரண்டாம் பருவத்தின் கடைசிப் பாடம் "கணினி வரைகலை". டக்ஸ் பெயின்ட் என்ற இலவச மென்பொருளில் படம் வரைவதைச் சொல்லித்தருகிற பாடம். எட்டாம் வகுப்பில் லிப்ரே லோகோ வருகிறது. அதில் கட்டளை எழுதினால் திரையில் ஓர் ஆமை நகர்ந்து கோடு போடும். பாடம் இருக்கிறது. ஆனால் "இதைக் கணினியில் செய்து பார்த்தாயா?" என்று கேட்டால், "கேள்வி பதில் மட்டும் படிச்சோம் தாத்தா" என்கிறாள். நீச்சலைக் கேள்வி பதிலாகப் படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அதனால் அவளைக் குறை சொல்லவில்லை.

ஆசிரியர்களையும் குறை சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்றவற்றைச் சொல்லித்தர 2012-இல் 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம், வாரத்தில் மூன்று அரை நாள். ஊதியம் பிறகு உயர்ந்தது என்றாலும், ஓவியத்துக்கு நம் பள்ளிகள் ஒதுக்கியிருக்கும் இடம் எவ்வளவு என்பதற்கு அந்த அரை நாள் கணக்கே சாட்சி. தனியார் பள்ளிகளில் மட்டும் என்ன? தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்பு, அடுத்தது விளையாட்டு வகுப்பு.

இப்போது என் பழைய வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். எந்தக் கிளை, எந்த வங்கி என்பது வேண்டாம். அப்போது பணம் கட்டும் சலானும், பணம் எடுக்கும் படிவமும் ஒரே வெள்ளைத் தாளில், ஒரே அளவில், ஒரே மாதிரி தலைப்போடு அச்சாகி வந்தன. சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா சாமை விற்ற பணத்தைக் கட்ட வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. யாரையாவது கெஞ்சி எழுதி வாங்கி நீட்டுவார். ஒருநாள் கட்ட வேண்டிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எடுக்கும் படிவத்தை நீட்டினார். கூட்டம் அதிகம், எனக்குக் கோபம். "பணம் போட வந்தீங்களா, எடுக்க வந்தீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். "எனக்கென்ன தெரியும் சாமி, அங்க இருந்த காகிதத்த எடுத்துக் குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் கிளையின் கடைநிலை ஊழியர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், படிவம் வைக்கும் இரண்டு பெட்டிகளிலும் அட்டை ஒட்டியிருந்தார். நாங்கள் கணக்குச் சரிபார்க்க டிக் போடுவோமே, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலமாக இருக்கும் பென்சில், அதில் வரைந்திருந்தார். ஒன்றில் கை கவுண்டரை நோக்கிப் பணத்தை நீட்டுகிறது, நீலத்தில். மற்றதில் கவுண்டரிலிருந்து பணம் கைக்கு வருகிறது, சிவப்பில். அதற்குப் பிறகு படிவம் மாறி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாங்கள் பட்டதாரிகள் பல வருடம் மக்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். தப்பு அந்த அம்மாவிடம் இல்லை, காகிதத்தில் இருந்தது என்று அவருக்குத்தான் தெரிந்தது. காட்சி வடிவமைப்பு என்று பெரிய பெயர் சொல்கிறார்களே, எனக்குத் தெரிந்த வரையில் அது இதுதான். பார்க்கிறவர் இடத்தில் நின்று பார்ப்பது.

பணம் என்று வந்துவிட்டதால் இன்னொன்று. ரூபாய்க் குறியை எல்லோரும் தினமும் பார்க்கிறோம். மத்திய அமைச்சரவை அதை ஏற்றுக்கொண்டது 2010 ஜூலை 15 அன்று. போட்டி வைத்து, கடைசிச் சுற்றுக்கு ஐந்து வடிவங்களை எடுத்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தவர் உதயகுமார், கள்ளக்குறிச்சிப் பகுதியைச் சேர்ந்தவர். இங்கிருந்து சித்தேரி மலையையும் கல்வராயன் மலையையும் தாண்டினால் அவர் ஊர்ப் பக்கம். சென்னையில் கட்டடக் கலை படித்து, பம்பாய் ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பு படித்து, தமிழ் எழுத்துருக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். தேவநாகரி ர எழுத்தையும், நிற்கும் கோடு எடுத்துவிட்ட ரோமன் ஆர் எழுத்தையும் சேர்த்து, மேலே இரண்டு இணைகோடுகள் வைத்தார். பேனாவில் எழுத மூன்று விநாடி ஆகாது. ஆனால் ஒரு நாட்டின் பணத்தையே அது குறிக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "நம்ம பக்கத்துக்காரரா தாத்தா?" என்று இரண்டு முறை கேட்டான். அந்தக் கேள்விக்காகவே அந்தப் பாடத்தை நடத்தலாம்.

நோட்டுகளே நல்ல பாடப் புத்தகம். ஐம்பது நீலம், நூறு இளஊதா, இருநூறு மஞ்சள். இருட்டில் ஆட்டோக்காரரிடம் அவசரமாகக் கொடுத்தாலும் மாறக் கூடாது என்பதற்காக நிறம். கண் தெரியாதவர்களுக்காக நூறு ரூபாயில் முக்கோணமும் ஐந்நூறில் வட்டமும் தடவினால் தெரிகிற மாதிரி மேடாக அச்சிட்டிருக்கிறார்கள். ஓரத்தில் சாய்ந்த கோடுகள், நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து. பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னேன். பழைய நோட்டில் தேய்ந்துபோயிருந்தது. "அப்போ பழைய நோட்டு வந்தா அவங்க என்ன செய்வாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் நோட்டு எண்ணியவன் நான். எனக்கு ஒருநாளும் அந்தக் கேள்வி வந்ததில்லை.

சரி, வகுப்பில் என்னதான் நடக்கிறது? முதல் மூன்று வாரம் கணினியைத் தொடவே விடவில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் புள்ளிக் கோலம் போடச் சொன்னேன். கணினித் திரை என்பது மிகச் சிறிய கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்கு. ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரை 256 படிகளில் ஏற்றி இறக்கலாம். அப்படியானால் மொத்தம் எத்தனை நிறம்? 256-ஐ மூன்று முறை பெருக்கச் சொன்னேன். 1,67,77,216. கணக்கு என்றால் ஓடுகிற பையன்கூட அதைப் பெருக்கிக் காட்டினான்.

கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவு நான் கற்பனை செய்தது இல்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியோடு தொடர்புடைய கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, இவர்களோடு கமலா கிரிதிவாசன் ஆகியோர் கோலங்களை ஒரு மொழியைப் போல இலக்கண விதிகளில் அடக்க முடியும் என்று 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில் அது வெளிவந்தது. நம் வீட்டு வாசலில் தினமும் காலையில் போட்டு, மாலைக்குள் மிதிபடுகிற விஷயம் அது. இதைக் கேட்டதும் மூன்றாம் மாடிப் பாட்டி ஒருவர் தாமாகவே வந்து, ஒரே இழையில் சிக்குக் கோலம் போட்டுக் காட்டினார். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று பிள்ளைகள் திணறிப் போனார்கள்.

நான்காம் வாரம் கணினி. அரசு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இரண்டு நம் வீடுகளில் பரணில் கிடந்தன. என்னுடையது ஒன்று. லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்தோம். டக்ஸ் பெயின்ட் 2002-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்காகவே செய்தது. ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கம் கண்ணாடி போலத் தானே வரையும் வசதி அதில் உண்டு. கோலம் தெரிந்த பிள்ளைக்கு அது உடனே பிடிபட்டுவிடுகிறது.

அதன் பிறகு இங்க்ஸ்கேப். அதுவும் இலவசம். இரண்டுக்கும் வித்தியாசம் புரிய வைக்க கச்சேரிமேட்டுப் பக்கம் அழைத்துப் போய் ஃப்ளெக்ஸ் பேனர்களைக் காட்டினேன். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை ஆறடிக்குப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்து போகிறது. பக்கத்தில் இருக்கும் எழுத்து மட்டும் கூர்மையாக நிற்கிறது. முதலாவது கட்டங்களால் ஆனது, இரண்டாவது கோடுகளின் கணக்கால் ஆனது. இங்க்ஸ்கேப் இரண்டாவது வகை. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. அன்றிலிருந்து பேனரைக் கண்டால் பிள்ளைகள் நின்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளையில் மஞ்சள் எழுத்தை யார் படிப்பார்கள், ஒரே பேனரில் ஏன் ஏழு விதமான எழுத்து என்றெல்லாம். மொரப்பூர் ரயில் நிலையப் பலகை ஏன் மஞ்சளில் கறுப்பாக இருக்கிறது என்று இப்போது அவர்களே சொல்வார்கள்.

தவறும் நடந்தது, மறைக்க வேண்டாம். பொங்கல் வாழ்த்து அட்டை செய்யச் சொன்னால் நான்கு பேர் இணையத்திலிருந்து யாரோ வரைந்த மாட்டை எடுத்து ஒட்டி, கீழே தம் பெயரைப் போட்டுவிட்டார்கள். அடுத்தவர் கணக்கிலிருந்து பணம் எடுத்துத் தன் கணக்கில் வரவு வைப்பதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். பதில் உடனே வந்தது. பிறகு அவர்களே மாடு வரைந்தார்கள். ஒரு மாட்டுக்குக் கால் ஐந்து மாதிரி தெரிந்தது. இருக்கட்டும், அது அவன் மாடு.

இப்போது பெற்றோர் என்னிடம் கேட்ட மூன்று கேள்விகளுக்கு வருகிறேன்.

ஒன்று, ஏற்கெனவே போனே கதி என்று கிடக்கிறார்கள், நீங்கள் வேறு திரையைக் காட்டுகிறீர்களா? ஒன்றரை மணி நேர வகுப்பில் திரை முன் இருப்பது நாற்பது நிமிடம்தான். ஒரு கணினிக்கு மூன்று பேர் என்பதால் ஒருவர் கையில் கிடைப்பது அதிலும் மூன்றில் ஒரு பங்கு. பார்த்துக்கொண்டே இருப்பதற்கும் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு.

இரண்டு, செயற்கை நுண்ணறிவே கேட்ட படத்தை வரைந்து தருகிறதே, இது எதற்கு? ஒருமுறை அதையும் காட்டினேன். படம் பளபளவென்று வந்தது. தமிழில் "நல்வாழ்த்துகள்" என்று எழுதச் சொன்னபோது எந்த ஊர் எழுத்தென்றே தெரியாத ஒன்று வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நாளைக்கு அது திருந்திவிடும். ஆனால் நன்றாக இருக்கிறதா, யாருக்காக, உண்மையா என்று பார்த்துச் சொல்கிற கண் வேண்டுமே. கால்குலேட்டர் வந்த பிறகும் விடை தப்பு என்று கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிந்தவர்தான் தேவைப்பட்டார்.

மூன்று, இதனால் என்ன வேலை கிடைக்கும்? சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரி 1850-லிருந்து இருக்கிறது. கும்பகோணத்தில் ஒன்று. அகமதாபாத்தில் என்.ஐ.டி., சென்னையில் நிஃப்ட். பம்பாய் ஐ.ஐ.டி. போன்றவற்றில் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு யூசீட் என்று தனி நுழைவுத் தேர்வு. பொறியியல், மருத்துவம் தவிர வேறு கதவே இல்லை என்று நினைக்கிற நாம் இவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் ஒன்பது பேரும் ஓவியர் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டாக்டரானால் நோயாளிக்குப் புரிகிற மாதிரி சீட்டு எழுதட்டும். வங்கிக்குப் போனால் நல்ல படிவம் போடட்டும்.

கடைசியாக, கொஞ்சம் சங்கடமான விஷயம். வகுப்பில் இருக்கும் ஒன்பது பேரில் இருவர் இங்கே குடியிருப்பவர்களின் பிள்ளைகள் இல்லை. ஒருவன் நம் வளாகத்தைச் சுத்தம் செய்யும் அம்மாவின் மகன். இன்னொருத்தி காவலாளியின் மகள். சங்க அறை நம் பராமரிப்புக் கட்டணத்தில் நடக்கிறது, வெளிப் பிள்ளைகளுக்கு ஏன் என்று சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வரவு செலவு கேட்பது உறுப்பினரின் உரிமை. அதனால் கணக்கையே சொல்கிறேன்.

குப்பைத் தொட்டிகளுக்குப் படம் செய்யச் சொல்லியிருந்தேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பச்சைத் தொட்டிக்கு வாழைப்பழத் தோல், நீலத் தொட்டிக்கு பிளாஸ்டிக் பாட்டில் என்று அழகாக வரைந்தார்கள். அந்தப் பையன் மட்டும் மூன்றாவதாக ஒன்று வரைந்தான். உடைந்த கண்ணாடித் துண்டு, பக்கத்தில் ஒரு கை, விரலில் ஒரு சிவப்புச் சொட்டு. கீழே "தனியாகக் கட்டி வையுங்கள்" என்று எழுத்து. ஏன்டா இது என்று கேட்டேன். "அம்மா கையில ரெண்டு தடவ கிழிச்சிடுச்சுங்க தாத்தா. டியூப் லைட்டு" என்றான். நம் வீட்டு டியூப் லைட். ஒன்பது பேரில் அவனுக்கு மட்டும்தான் அந்தப் படம் தோன்ற முடியும். ஏனென்றால் குப்பை நம் வாசலைத் தாண்டிய பிறகு எங்கே போகிறது என்று பார்த்தவன் அவன்தான். அந்தப் படத்தை ஒட்டி எட்டு வாரம் ஆகிறது. இப்போது உடைந்த கண்ணாடி செய்தித்தாளில் சுற்றித் தனியாக வருகிறது. அந்த அம்மாவின் கையில் புதுக் கட்டு எதுவும் நான் பார்க்கவில்லை. இந்தச் சங்கத்துக்கு அந்தப் பையன் வைத்த வரவு அது. செலவுப் பக்கம் மாலை நேர மின்விளக்கு இரண்டு.

என் சொந்தக் கணக்கில் ஒரு பாக்கி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் எட்டாம் வகுப்பில் நன்றாக வரைவாள். பத்தாம் வகுப்பு வந்ததும் படிப்பு கெடும் என்று அவளுடைய நான்கு ஓவிய நோட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அவள் அழவில்லை. ஆனால் அதன் பிறகு வரையவும் இல்லை. இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறாள், நல்ல சம்பளம். போன தீபாவளிக்கு வந்தபோது பேரனின் வரைபடங்களை ஒரு கோப்பில் தேதி போட்டு வைத்திருந்ததைக் காட்டினாள். "நான் எதையும் எடைக்குப் போடறதில்லப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

சங்கத்திடம் நான் கேட்பது மூன்றுதான். ஆண்டுத் தேர்வு வரும் வரை சனி, ஞாயிறு மாலை ஐந்து முதல் ஆறரை வரை அறையைத் தாருங்கள். பரணில் தூங்கும் மடிக்கணினி இருந்தால் கொடுங்கள், சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வருகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்காதீர்கள்.

வெளியே போகும்போது குப்பைத் தொட்டிப் பக்கம் ஒரு நிமிடம் நின்று அந்த மூன்றாவது படத்தைப் பாருங்கள்.

(பின்குறிப்பு: அன்றைய கூட்டத்தில் அறையைத் தொடர்ந்து தருவதென முடிவானது. மடிக்கணினி இரண்டு வந்துள்ளன. ஒன்றுக்குச் சார்ஜர் தேவை. இருப்பவர்கள் சங்க அறையில் கொடுக்கலாம்.)